நாலாவது மஞ்சள் வயர்

அந்த வீட்டில் சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவுகிறார்களோ இல்லையோ, வயரை எண்ணிவிடுவார்கள்.

வாசல் கதவுக்கு உள்பக்கச் சுவரில் மூன்று ஆணிகள். முதல் ஆணியில் நான்கு சிவப்பு வயர்கள், இரண்டாவதில் நான்கு மஞ்சள், மூன்றாவதில் நான்கு நீலம். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கிற கிளிப். சிவப்பு அப்பாவுடையது. அவர் போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருஷமாகியும் அதைக் கழற்றி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. மஞ்சள் அண்ணனுடையது. நீலம் சின்னவளுடையது. சின்னவளுக்கு முப்பத்தாறு வயது. இருந்தாலும் வீட்டிலும் தெருவிலும் அவள் சின்னவள்தான். அண்ணனுக்கு மட்டும் குட்டி.

லிஃப்ட் பழுது பார்க்கிற குடும்பம் அது. லிஃப்டைப் போல ஒரு சந்தேகப் பிராணி உலகத்தில் கிடையாது. ஏழு மாடிக் கட்டிடத்தில் ஏதோ ஒரு மாடியில் கதவு சரியாகப் பூட்டவில்லை என்றாலும் நின்ற இடத்தைவிட்டு அசையாது. எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் மேலே மெஷின் ரூமுக்குப் போய்க் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே இந்த வயரை மாட்டுவார். எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது, நீ கிளம்பு என்று லிஃப்டிடம் சொல்கிற பொய் அது. அதுவும் நம்பிக் கிளம்பிவிடும். கோளாறு தெரிந்ததும் வயரை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், கதவு திறந்து கிடந்தாலும் கூண்டு அதுபாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்.

மறதி யாரையும் விடாது என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கு நாலு வயர். வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டியாக வேண்டும். "வயர் பெட்டிக்குள்ள இருந்தா ஆளும் பெட்டி பக்கத்துலயே இருக்கணும். அதை விட்டுட்டு ஆள் மட்டும் வீட்டுக்கு வரக் கூடாது" என்பார். எண்ணுகிற பொறுப்பை அப்போது ஏழு வயதாயிருந்த சின்னவளிடம் கொடுத்தார். அவளுக்கு எட்ட வேண்டுமே என்று ஆணிகளை இடுப்பு உயரத்தில் அடித்தார். சின்னவள் வளர்ந்தாள், ஆணி வளரவில்லை. அண்ணன் இன்றைக்கும் குனிந்துதான் மாட்டுவான். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், இந்த ஆள் ஏன் சுவருக்கு வணக்கம் வைக்கிறார் என்று யோசிப்பார்கள்.

"எண்ணிட்டியா?" என்று அப்பா கேட்பார். "சரியா இருக்கு" என்று அவள் சொன்னால்தான் தட்டு வரும். ஒரு தடவை அப்பாவின் சிவப்பு வயரே ஒன்று குறைந்தது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய் எடுத்துவந்தார். அதுவரை அம்மா உட்பட ஒருவரும் வாயில் எதையும் வைக்கவில்லை. பசியில் அண்ணன் தங்கையை முறைத்தான். "ஒண்ணு கூட்டிச் சொன்னா உன் சொத்தா போயிடும்?" என்று காதில் கிசுகிசுத்தான். சின்னவள் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அண்ணன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்பா போனபோது அவனுக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பதினொன்று. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். சின்னவள் பள்ளிக்கூடம் முடித்ததும், தானும் இந்த வேலைக்கே வருகிறேன் என்றாள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் கை வைத்தார்கள். பொம்பளைப் பிள்ளை லிஃப்ட் குழிக்குள் இறங்குவதா என்றார்கள். "நீங்க இறங்குறீங்களா? உங்களுக்குத்தான் தொப்பை இடிக்குமே" என்று அண்ணன் கேட்டான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பட்டறைப் பலகையில் 'அண்ணன் தங்கை லிஃப்ட் சர்வீஸ்' என்று எழுதி மாட்டினான். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று பெயிண்டரிடம் சண்டை போட்டது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோதும், சரி என்றான், ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்த்திருப்பான்?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் குனிந்து எண்ணியபோது மஞ்சள் மூன்றுதான் இருந்தது.

"அண்ணா, ஒண்ணு எங்க?"

"அந்த ஏழு மாடி வீட்டுல. மூணாவது மாடிக் கதவுப் பூட்டுல ஸ்பிரிங் ஒடிஞ்சிடுச்சு. புதுப் பூட்டு வெள்ளிக்கிழமைதான் வருமாம். அதுவரைக்கும் லிஃப்ட் ஓடணும்னு மேல் மாடிக்காரங்க உயிரை வாங்குறாங்க. அதான் வயரைப் போட்டு ஓட விட்டிருக்கேன்."

"கதவு?"

"டேப் ஒட்டி, திறக்காதீங்கன்னு எழுதிப் போட்டிருக்கேன். அங்க இருக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியும் குட்டி. பசிக்குது, வா."

அண்ணி தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மாத்திரை போடுகிற நேரம். சின்னவள் ஒரு கணம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். புதன்கிழமையும் மூன்றுதான் இருந்தது. அன்றைக்கு அவள் கேட்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை காலையில், அந்தக் கட்டிடத்து மூன்றாம் மாடியில் குடியிருந்த நர்ஸ் வேலைக்குக் கிளம்பினாள். டேப்பை முந்தின நாளே யாரோ உரித்துவிட்டிருந்தார்கள். காகிதமும் அதோடு போயிருந்தது. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கதவை இழுத்தாள், கதவு வந்தது. காலை வைத்தாள், கூண்டு அங்கே இல்லை. அது தரைத்தளத்தில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு மாடி ஆழம் விழுந்து, அதன் கூரைமேல் கிடந்தாள். உயிர் பிழைத்தது பெரிது. இடுப்பும் வலது காலும் நொறுங்கிப் போயின.

சின்னவள் அப்போது அடுத்த தெருவில் வேலையாக இருந்தாள். போன் வந்ததும் ஓடினாள். கீழே ஒரே கூட்டம். லிஃப்டை முதலில் நிறுத்த வேண்டும் என்று ஏழு மாடியும் படியேறி மெஷின் ரூமுக்குப் போனாள். மெயினை அணைத்துக் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் வயர் இருந்தது.

அவள் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் வயரைப் பிடுங்கியது. தோள்பையின் உள்ஜிப்புக்குள் போட்டு மூடியது. அடுப்பில் பால் பொங்கினால் கை ஓடுமே, அந்த மாதிரி.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மூச்சு வாங்க மேலே வந்தான். பெட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"எடுத்துட்டியா?"

"ம்."

"நல்லது."

கீழே எல்லோரும் ஆம்புலன்ஸைச் சுற்றி நின்ற நேரத்தில், அண்ணன் மொட்டை மாடி லிஃப்ட் கதவின் பூட்டைக் கழற்றி மூன்றாம் மாடியில் பொருத்தினான். ஒடிந்த பூட்டை மொட்டை மாடிக் கதவுக்குக் கொண்டுபோனான். அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. கழற்றியது தெரியாமலிருக்கப் பழைய கிரீஸை விரலில் எடுத்து இரண்டு பூட்டின் திருகுகள் மேலும் தடவி, தூசியைத் தூவி ஊதினான். பதினைந்து நிமிஷ வேலை. இதையே செவ்வாய்க்கிழமை செய்திருந்தால் நர்ஸ் இன்றைக்கு நடந்து வேலைக்குப் போயிருப்பாள் என்று சின்னவளுக்குத் தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். பூட்டை முறுக்கி முடித்ததும் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்தார். தொண்டை மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுகிற மனிதர். மெஷின் ரூமைப் பார்த்தார், மூன்றாம் மாடிப் பூட்டைப் பார்த்தார். மற்ற மாடிகளைப் பார்க்கவில்லை. புகாரில் மூன்றாம் மாடி என்றுதான் இருந்தது, அவர் புகாரில் உள்ளதைப் பார்க்கிறவர். டேப் ஒட்டியிருந்ததைப் பற்றி மேல் மாடிக்காரர்கள் மூச்சுவிடவில்லை, லிஃப்டை ஓட விடச் சொன்னதே அவர்கள்தானே.

"பூட்டு நல்லாத்தானே இருக்கு? பின்ன கூண்டு இல்லாதப்போ கதவு எப்படித் திறந்துச்சு?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"சாவி போட்டாத்தான் சார் திறக்கும்" என்றான் அண்ணன்.

அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கரண்ட் போய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்கான முக்கோணச் சாவி அந்தக் கட்டிடத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது. வாட்ச்மேனிடம். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைக் கையால் பொத்திக்கொண்டார்.

வாட்ச்மேனுக்கு அறுபத்தைந்து இருக்கும். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாய்கூடக் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சாய்வான அறையில் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்தார். அந்த அறைக்குள் நிமிர்ந்து நிற்க ஒரே ஓர் இடம்தான் உண்டு, அங்கே நின்றுதான் சட்டை போட்டுக்கொள்வார். சின்னவளை அவர் மெக்கானிக்கம்மா என்று கூப்பிடுவார். அவள் வேலை முடித்து இறங்கும்போதெல்லாம், "பேஷண்ட் பிழைச்சிட்டாரா மெக்கானிக்கம்மா?" என்பார். ஒரே ஜோக்கை மாதாமாதம் சொன்னாலும் அவள் மாதாமாதம் சிரிப்பாள்.

திங்கட்கிழமை விசாரணை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வெளியே போயிருந்தபோது வாட்ச்மேன் பட்டறைக்கு வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மெக்கானிக்கம்மா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் கதவைத் திறந்தேனா?"

"என்னய்யா கேக்குறீங்க?"

"அன்னைக்குக் காலையில மூணாவது மாடிக்குப் போனேன். குப்பை எடுக்கத்தான் போனேன். அது நல்லா நினைப்பிருக்கு. சாவியைத் தொட்ட நினைப்பு இல்ல. ஆனா எல்லாரும் நான்தான் திறந்தேங்கறாங்க. சர்க்கரை மாத்திரை போடுறேனா, சில நாள் சாப்பிட்டதே மறந்துபோகுது. தூங்க முடியலம்மா. கண்ணை மூடுனா என் கை சாவியைப் போட்டுத் திருகுற மாதிரியே தெரியுது. முதல்ல தெரியல, இப்பத் தெரியுது. நிஜமாவே நான்தான் பண்ணேனா?"

சின்னவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். தோள்பை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு அடி தூரம்.

"எனக்குத் தெரியலய்யா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "அப்போ நானாத்தான் இருக்கும். ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு எங்க பில்டிங் செக்ரட்டரி சொல்றாரு. திங்கட்கிழமை ஒத்துக்கறேன். அந்த நர்ஸம்மா எனக்கு ரெண்டு தடவை ஊசி போட்டிருக்கு. காசே வாங்கல."

அவர் போன பிறகு அவள் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். வேலையும் அறையும் அந்த மனிதரிடமிருந்து போவது ஒரு பக்கம். செய்யாத காரியத்தை அவருடைய சொந்த மனசுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அவர் நேற்று வரை என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதாவது அவருக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அதை எடுத்தது அவர்கள் இருவரும். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அழலாம் என்று பார்த்தாள், அழுகையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, அந்த ஆள் நாளைக்கு ஒத்துக்கப் போறாரு."

"தெரியும்."

"நீ சொல்லிடு அண்ணா. நீயே சொல்லிட்டா வேற மாதிரி இருக்கும். நானும் கூட நிக்கறேன். எண்ணினது நான்தானே, குறையுதுன்னு தெரிஞ்சும் சாப்பிட்டேன்தானே."

அவன் துணியை நாலாக மடித்தான், பிறகு எட்டாக மடித்தான். "என்னால முடியல குட்டி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன். உள்ள போக முடியல. நான் அவ்வளவுதான்."

"அப்போ நான் சொல்லிடுவேன்."

உனக்காக நான் என்னவெல்லாம் விட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும், கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. "அந்த வயர் இன்னும் உன்கிட்டதான் இருக்கா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றாள். அவன் கையை நீட்டவில்லை, கேட்கவும் இல்லை. டயரைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவன் சொல்லாததை அம்மா சொன்னாள். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"அவன் தோள்ல உட்கார்ந்துதான்டி நீ பள்ளிக்கூடம் போன. அந்தத் தோளை நீயே உடைக்கப் போறியா? கொண்டா அந்த வயரை, அடுப்புல போடறேன்."

"அம்மா, அந்த வாட்ச்மேன் ஒண்ணுமே பண்ணலம்மா."

"இருக்கட்டும். அவருக்கு யாரு இருக்கா? பொண்டாட்டியா, பிள்ளையா? போனா அவரோட போச்சு. உங்க அண்ணனுக்கு நாம இருக்கோம்."

அம்மா பொல்லாதவள் இல்லை. பிச்சைக்காரனுக்குக்கூடச் சூடாகத்தான் போடுவாள். அவளேதான் இதைச் சொன்னாள். யாரும் இல்லாதவர் தலையில் எதை வேண்டுமானாலும் இறக்கி வைக்கலாம், கேட்க வருகிறவர் கிடையாது. குடும்பம் என்றால் அதுதான் அர்த்தமா? அவள் அம்மாவிடம் கேட்கவில்லை. அன்று முழுக்கத் தோள்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே இருந்தாள். அண்ணி மட்டும் ஒரு தடவை பையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அண்ணனும் தங்கையும் ஒரே பைக்கில்தான் போனார்கள். எப்போதும் போல அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது, "ஹெல்மெட்டை மாட்டு" என்றான், அவள் மாட்டிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். வாட்ச்மேனுக்கு அதுதான் கிடைத்தது. துவைத்த சட்டை போட்டு, பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். செக்ரட்டரி அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"நான்தான் சார்" என்று வாட்ச்மேன் ஆரம்பித்தார். "காலையில மூணாவது மாடிக்குப் போனேன். சாவியை..."

"அவர் திறக்கல சார்."

சின்னவள் எழுந்திருந்தாள். தோள்பையின் உள்ஜிப்பைத் திறந்தாள். மஞ்சள் வயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் அண்ணன் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"விபத்து நடந்தப்போ இது கண்ட்ரோல் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நான்தான் பிடுங்கி ஒளிச்சு வச்சேன். மூணாவது மாடியில இருந்த பூட்டு ஒடிஞ்ச பூட்டு. அது இப்போ மொட்டை மாடிக் கதவுல இருக்கு. போய்ப் பாருங்க, ஸ்பிரிங் இருக்காது. திருகு மேல பழைய கிரீஸைத் தடவி மறைச்சிருக்கும்."

"இது யாரோட வயர்?"

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ரொம்பக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் சொல்லிவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். உண்மையில் அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தாள்.

"எங்க அண்ணனோடது. எங்க வீட்டுல தினமும் வயர் எண்ணணும் சார், எண்ணறது என் வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் எண்ணினேன். மூணுதான் இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டே சாப்பிட உட்கார்ந்தேன். அதையும் எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் மிட்டாயைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். "இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"எங்க அண்ணன் சார்" என்றாள்.

வாட்ச்மேன் ஆடுகிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்போ நான் திறக்கலையா?"

"இல்லய்யா."

"நிஜமா?"

"நீங்க சாவியைத் தொடவே இல்ல. குப்பை எடுக்கத்தான் போனீங்க."

அவர் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளிடம் சனிக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

அண்ணன் எதையும் மறுக்கவில்லை. நீட்டிய தாள்களில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போலீஸ் கேஸ் வரும், ஒளித்ததற்காக அவள்மீதும் வரும் என்றார்கள். வெளியே வந்ததும் அவன் பைக்கைக் கிளப்பினான். அவளுடைய ஹெல்மெட் அதன் கொக்கியில் தொங்கியது. வண்டி உறுமிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றது, அவள் ஏறட்டும் என்று நின்ற மாதிரிதான் இருந்தது. அவள் ஓரடி முன்னால் வைத்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீடு வரை நடந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எதிரே வந்த ஒரு தெரிந்தவர், "வண்டி எங்க சின்னவளே, யாராவது தூக்கிட்டாங்களா?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் மூன்று தட்டு வைத்திருந்தார்கள். அம்மா, அண்ணி, அண்ணன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னவள் தோள்பையிலிருந்து தன் நாலு நீல வயரையும் எடுத்தாள், குனிந்து ஆணியில் மாட்டினாள். இருபத்தொன்பது வருஷத்துப் பழக்கம், கண் தானாக எண்ணியது. சிவப்பு நாலு. நீலம் நாலு. மஞ்சள் மூன்று. எண்ணிட்டியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து பாக்கி இருந்தது.

"ஒண்ணு குறையுது" என்றாள்.

தட்டுகளின் சத்தம் நின்றது. அண்ணன் கை தட்டின்மேலேயே இருந்தது. பிறகு அம்மா கிண்ணத்தை நகர்த்தி, "சாப்பிடுப்பா, ஆறுது" என்றாள். மறுபடி சத்தம் கேட்டது. சின்னவள் தன் நீல வயர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அறைக்குப் போய் இரண்டு மாற்றுத் துணியைப் பையில் வைத்தாள். யாராவது எங்கே போகிறாய் என்று கேட்பார்கள் என்று மெதுவாகத்தான் செருப்பு மாட்டினாள்.

இப்போது அவள் ஒரு பழைய கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய்த்த வீட்டைப் பார் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு தினமும் ஏறுகிறாள். கேஸ் நடக்கிறது. வேறு கம்பெனிகள் அவளை எடுக்கவில்லை. சொந்த அண்ணனையே காட்டிக்கொடுத்தவள் நம்மை விடுவாளா என்று பேசிக்கொண்டார்களாம். கடைசியில் ஒரு மரக்கிடங்கில், சரக்கு லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பகல் முழுக்கப் பலகைகளோடுதான் பேச்சு.

அறைக் கதவுக்குப் பக்கத்தில் முன்பு குடியிருந்தவர் அடித்த ஓர் ஆணி இருந்தது. நெஞ்சு உயரத்தில். முதல் நாள் சாயங்காலம் குனியாமலே வயரை மாட்டினாள். தட்டை வைத்துக்கொண்டு, யாரோ கேட்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சொன்னது தப்பு என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. ஆனாலும் தனியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு ரொம்பத் தனியாக இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தாள். ஐந்து மாடி ஏறி வந்து, பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளுடைய துணிகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. நர்ஸ் ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். வாட்ச்மேன் அதே அறையில்தான் இருக்கிறார். அண்ணன் ஒரு கடையில் மின்விசிறி பழுது பார்க்கிறான். எல்லாவற்றையும் அண்ணி ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள்.

துணிகளுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. சின்னவள் பிரித்தாள். அப்பாவின் நாலு சிவப்பு வயர்.

"இதை யாரு வச்சது?"

"உங்க அண்ணன்தான். கிளம்பும்போது அவரே ஆணியிலிருந்து எடுத்துக் குடுத்தாரு. எண்ணுறவகிட்டயே இருக்கட்டும்னாரு."

"கோபமா சொன்னாரா அண்ணி?"

அண்ணி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. "தெரியலம்மா. ஆணிக்கு முன்னால குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு. முகம் தெரியல."

அண்ணி இறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படி வரை கேட்டது. சின்னவள் பெட்டியிலிருந்து ஓர் ஆணியும் சுத்தியலும் எடுத்தாள். எந்த உயரத்தில் அடிப்பது என்று சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு இடுப்பு உயரத்தில் அடித்து, குனிந்து, நாலு சிவப்பையும் அதில் மாட்டினாள். சிவப்பு நாலு, நீலம் நாலு.

"சரியா இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.